நிலமும் பொழுதும்: பிள்ளை வளர்ப்பில் சிற்றூரும் தலைநகரும்

தொல்காப்பியம் அகவாழ்வை விளக்கும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுக்கிறது. தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருளில் அடங்குகின்றன. இவ்விரண்டையும் சார்ந்தே உரிப்பொருளாகிய ஒழுக்கம் அமைகிறது. மக்கள் எந்த மண்ணில் வாழ்கிறார்கள், எந்தப் பொழுதில் கூடுகிறார்கள், எந்தப் பொழுதில் பிரிகிறார்கள் என்பதை அறியாமல் அவர்களின் வாழ்வை விளக்க இயலாது என்னும் தெளிவு இவ்வகைப்பாட்டில் இருக்கிறது. மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்று அடிக்கடி எழுப்பும் ஒரு வினாவை ஆராய்வதற்கு இப்பழைய வகைப்பாடே நமக்குத் துணையாகிறது.

பிள்ளைகளைச் சிற்றூரில் வளர்ப்பதா, தலைநகரில் வளர்ப்பதா என்பதே அவ்வினா. பணிமாற்றத்திற்கு மனுச் செய்யலாமா என்று எண்ணும் இளம் ஆசிரியர் இதனைக் கேட்கிறார். கோலாலம்பூரில் வேலை கிடைத்த மகன் தன் குழந்தையைத் தன்னோடு அழைத்துச் செல்லும்போது, தெலுக் இந்தானிலோ குளுவாங்கிலோ தங்கிவிடும் தாத்தாவும் பாட்டியும் இதனைக் கேட்கின்றனர். வருவாய், மருத்துவம், கல்வி, வீட்டு விலை எனப் பல கோணங்களில் இதற்கு விடை காணலாம். நாம் இங்கு எடுத்துக்கொள்வது மொழியின் கோணம். வீட்டுமொழி அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்வதற்கு எந்த இடம் ஏற்றது என்பதே நம் ஆய்வுப்பொருள்.

தலைநகர் என்று நாம் குறிப்பது கோலாலம்பூரையும் அதனைச் சூழ்ந்துள்ள கிள்ளான் பள்ளத்தாக்கையும் ஆகும். சிற்றூர் என்று குறிப்பது தோட்டப்புறத்தையும், தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்த சுங்கை சிப்புட், பாகான் செராய், கூலிம், பகாவ், சிகாமட் போன்ற பட்டணங்களையும் ஆகும்.

1. தோட்டம் என்னும் உலகம்

மலேசியத் தமிழர் வரலாற்றில் சிற்றூர் வாழ்வு தோட்டத்தில் தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே அங்குப் பள்ளி ஒன்றை ஏற்படுத்தும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தன. பினாங்கில் 1816ஆம் ஆண்டு ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க்கல்வி, நாடு முழுவதும் பரவியதற்குத் தோட்டப் பள்ளிகளே முதன்மைக் காரணம். பல பள்ளிகள் ஒரே அறையில் இயங்கின. ஆசிரியர் ஒருவரே எல்லா வகுப்புகளுக்கும் பாடம் நடத்தினார். ஆயினும், பள்ளி வீட்டிற்கு அருகில் இருந்தது.

பால்மரம் சீவும் தொழிலுக்கென ஒரு பொழுது இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ச்சி நீங்காத விடியலில்தான் மரம் நன்றாகப் பால் சுரக்கும். ஆகவே, இருள் பிரியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுத் தாயும் தந்தையும் காட்டிற்குச் சென்றனர். முற்பகலில் பாலைச் சேகரித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, நண்பகலை ஒட்டி வீடு திரும்பினர். பிள்ளைகளும் ஏறத்தாழ அதே நேரத்தில் பள்ளியிலிருந்து திரும்பினர். அதன்பின் இரவு வரை குடும்பம் ஒன்றாகவே இருந்தது. பள்ளி செல்லாத குழந்தைகளோ காலைப்பொழுதை ஆயாக்கொட்டகையில் கழித்தனர். அங்கும் ஒரு மூதாட்டி தமிழிலேயே தாலாட்டினார், தமிழிலேயே அதட்டினார்.

இனி, நிலம். லயன் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்டது. பிள்ளையின் காதில் நாள்தோறும் விழுந்த குரல்கள் தாய் தந்தையின் குரல்கள் மட்டுமல்ல. முப்பது நாற்பது வீட்டாரின் குரல்கள். குழாயடியில் வாக்குவாதம், கோயில் திருவிழாவிற்குப் பணம் திரட்டும் கூட்டம், ஒப்பாரி, நலங்குப் பாட்டு, பழமொழி, வசை, விடுகதை ஆகிய அனைத்தும் பிள்ளையின் காதுக்கு எட்டும் தொலைவில் நிகழ்ந்தன. பள்ளிப் பாடநூல் எழுத்துத் தமிழைக் கற்பித்தது. பேச்சுத் தமிழின் முழு வளத்தையும் லயன் கற்பித்தது.

அதற்கெனத் தனிச்சொற்களும் பிறந்தன. மரத்தில் கட்டிய கிண்ணம் ‘மங்கு’ ஆயிற்று; மலாய்ச் சொல் தமிழ் வாயில் புகுந்து தமிழாயிற்று. வெட்டிய கோட்டில் உறைந்து நின்றது ‘ஒட்டுப்பால்’. விடியற்காலை அணிவகுப்பைக் குறித்த ஆங்கிலச் சொல் ‘பெரட்டு’ ஆயிற்று. சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ போன்ற புதினங்களில் இத்தோட்டத் தமிழ் இன்றும் வாழ்கிறது. இச்சொற்கள், ஒரு சமூகம் தான் வாழ்ந்த மண்ணைத் தன் மொழியால் பெயரிட்டுத் தனதாக்கிக்கொண்டதற்குச் சான்றுகள்.

2. அதற்குக் கொடுத்த விலை

இவ்வாறு சொல்வதால் தோட்ட வாழ்வைப் பொற்காலமாகக் காட்டிவிடக் கூடாது. தோட்டத்தில் தமிழ் வாழ்ந்ததற்கு ஒரு காரணம், தோட்டம் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. வேறு மொழி பேச வாய்ப்பில்லாத இடத்தில் ஒரு மொழி நிலைத்திருப்பதை அம்மொழியின் வெற்றி என்று மட்டும் கூற இயலாது.

கூலி நாட்கூலி. மழை பெய்து மரம் நனைந்தால் சீவ முடியாது. சீவாத நாளுக்கு வருவாய் குறையும். குடியிருந்த வீடு நிருவாகத்தினுடையது. வேலை போனால் வீடும் போயிற்று. கள்ளுக்கடை தோட்டத்திற்குள்ளேயே இருந்தது. தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் பட்டணம் செல்ல வேண்டியிருந்தது. பேருந்துச் செலவையும் தொலைவையும் தாங்க இயலாமல் பலர் அங்கேயே நின்றுவிட்டனர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காகப் படிப்பை விட்ட பெண்பிள்ளைகள் மிகப் பலர். சுற்றிலும் பால்மரம் வெட்டுவோரையே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு வேறு தொழிலைக் கனவு காண்பதும் கடினமாயிற்று.

ஆகவே, தம் பிள்ளை தம்மைப்போல் உளி பிடிக்கக் கூடாது என்று எண்ணிய பெற்றோர் நகரத்தை நோக்கினர். அந்த எண்ணத்தில் பிழை ஏதுமில்லை. நகரத்திற்குச் சென்றவர் மொழியைக் கைவிட்டவர் என்று பழிப்பது வரலாற்றை அறியாத பேச்சு.

3. நகரம் தோட்டத்திற்கு வந்த கதை

தோட்டத்தைவிட்டு மக்கள் சென்றது ஒருபுறம் இருக்க, தோட்டமே மக்களைவிட்டுச் சென்றதும் உண்டு. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அங்கு உழைத்தவர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அந்நெருக்கடிக்கு விடையாகவே துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவது அச்சங்கத்தின் வழி. பின்னர், ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது; அதற்குத் தேவைப்பட்ட ஆட்களின் தொகை குறைவு.

அதன்பின் நகரமே தோட்டத்திற்கு வந்தது. பங்சார் என்னும் பெயரே அங்கிருந்த ஒரு தோட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. சுபாங் ஜெயா ஒருகாலத்தில் சீபீல்டு தோட்டம். நாட்டின் நிருவாகத் தலைநகராகிய புத்ராஜெயா எழுந்திருப்பது பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில். சுபாங் ஜெயாவில் இன்றும் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இயங்குகிறது. தோட்டம் மறைந்துவிட்டது, அதன் பெயரைத் தமிழ்ப்பள்ளி சுமந்து நிற்கிறது.

நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இம்மாற்றத்தின் விரைவை உணர்த்துகிறது. 1970இல் மலேசிய மக்களில் 28.4 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். 2020இல் அது 75.1 விழுக்காடாயிற்று. ஐம்பது ஆண்டுகளில் ஒரு நாடே இடம்பெயர்ந்ததற்கு ஒப்பான மாற்றம் இது. பாட்டி லயனில் பிறந்தார். தாய் புறம்போக்கு வீட்டிலோ மலிவு விலை அடுக்குமாடியிலோ வளர்ந்தார். பேரன் தாமானில் பிறக்கிறான். மூன்று தலைமுறைகள் மூன்று நிலங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நம் மாணவரிடையே ஏராளம்.

4. தலைநகரின் பொழுது

தலைநகர்க் குடும்பத்தின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்கின்றனர். நெரிசலுக்கு அஞ்சி இருவரும் விடியுமுன் புறப்படுகின்றனர். பிள்ளை பள்ளி வேனில் ஏறுகிறது. பள்ளி நண்பகலை ஒட்டி முடிகிறது. பெற்றோர் வீடு திரும்ப மாலை ஏழு மணியாகிறது. இடையிலுள்ள ஐந்தாறு மணி நேரத்தைப் பிள்ளை பராமரிப்பு நிலையத்திலோ பிரத்தியேக வகுப்பிலோ கழிக்கிறது. அங்குப் பல இனப் பிள்ளைகள் கூடியிருப்பதால் மலாயோ ஆங்கிலமோ பொதுமொழியாகிறது. இரவு ஏழு மணிக்குமேல் குளியல், உணவு, வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து ஒன்பதரைக்குள் உறக்கம். எஞ்சும் நேரத்திலும் பெற்றோர் கையில் ஒரு கைப்பேசி, பிள்ளை கையில் ஒன்று.

இதனைத் தோட்டத்தின் பொழுதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்குப் பிள்ளை பெற்றோரோடும் அயலாரோடும் பிற்பகல் இரண்டு மணிமுதல் இரவு எட்டு மணிவரை இருந்ததாகக் கொண்டால், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாகிறது. இங்கு உணவு மேசையில் கிடைப்பது அரைமணி நேரமாக இருக்கலாம். தலைநகர்ப் பெற்றோர்க்குத் தமிழ்ப்பற்று குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அவர்களுக்குப் பொழுது குறைந்துவிட்டது என்பதை நாம் கணக்கில் கொள்ள வேண்டும். குழந்தை மொழியைப் பெறுவது அறிவுரையால் நிகழ்வதில்லை. கேட்டும் பேசியும் கழிக்கும் மணி நேரங்களால் நிகழ்கிறது.

பொழுது குறையும்போது முதலில் மறைவன உறவுச்சொற்கள். தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. தாயின் தங்கை சித்தி. தாயின் அக்காள் பெரியம்மா. தாய்மாமன் மனைவியும் அத்தை அல்லது மாமி. ஒவ்வொரு சொல்லும் ஒரு முறையையும் அதற்குரிய கடமையையும் தாங்கி நிற்கிறது. தாமானில் வளரும் பிள்ளைக்கு இவர்கள் அனைவரும் ‘ஆண்ட்டி’. ஆண்கள் அனைவரும் ‘அங்கிள்’. இச்சொற்களை மனப்பாடம் செய்வித்துப் பயனில்லை. அத்தையும் சித்தியும் வந்து போகும் வீட்டில் வேறுபாடு தானே விளங்கும்; அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்கு மட்டும் வரும் வீட்டில் அது பாடநூற் பட்டியலாகவே நின்றுவிடும்.

நகரத்திலும் இதற்கு மாறான சூழல் இருந்ததுண்டு. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. அங்கும் வீடுகள் நெருங்கி நின்றன. பட்டறை நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அருகிலேயே இருந்தன. தலைநகரின் நடுவிலே வளர்ந்த அப்பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளைப்போல் தமிழில் தோய்ந்தே வளர்ந்தனர். மறுபுறம், ஜொகூர் பாருவில் வாழ்ந்து நாள்தோறும் விடியுமுன் எல்லை கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் தந்தையைப் பாருங்கள். அவர் குடியிருப்பது தலைநகரில் அன்று. ஆயினும், அவர் பிள்ளைக்கு வாய்ப்பது தலைநகரின் பொழுதே. ஆகவே, ஊரின் பெயர் இங்குத் தீர்ப்புக் கூறுவதில்லை. வீட்டிற்கும் வேலைக்கும் பள்ளிக்கும் உறவுக்கும் இடையிலுள்ள தொலைவே தீர்ப்புக் கூறுகிறது.

5. தலைநகர் தரும் தமிழ்

தலைநகர் தமிழுக்குத் தரும் நன்மைகளையும் நேர்மையோடு எடுத்துரைக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. தமிழை உயர்கல்வி நிலையில் கற்க விரும்பும் மாணவர்க்கு அது நெடுங்காலமாக வாயிலாக இருந்து வருகிறது. நாளிதழ்கள், வானொலி, பதிப்பகங்கள், நாடகம், பட்டிமன்றம், நூல் வெளியீடு ஆகிய பலவும் தலைநகரை மையமாகக் கொண்டே இயங்குகின்றன. பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒவ்வொரு பாடத்திற்கும் தகுதிபெற்ற ஆசிரியர், அறிவியல் கூடம், கணினி அறை, போட்டிகளில் பங்கேற்கும் குழு ஆகியன அமைகின்றன. கற்றல் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு உரிய பயிற்சியும் மருத்துவமும் நகரத்தில்தான் எளிதாகக் கிடைக்கின்றன.

இன்னொரு நன்மை நம் கவனத்திற்குரியது. தமிழ் பேசும் வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், அறிவிப்பாளர், எழுத்தாளர் ஆகியோரைத் தலைநகர்ப் பிள்ளை நேரில் காண்கிறது. தமிழ் என்பது ஏழ்மையின் மொழி, உயர்ந்தால் விட்டுவிட வேண்டிய மொழி என்னும் தவறான எண்ணம் அதன் உள்ளத்தில் வேரூன்றாமல் தடுப்பதற்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

ஆயினும், இந்நன்மைகள் தேடிச் செல்பவர்க்கே கிட்டுகின்றன. தோட்டத்தில் தமிழ் பிள்ளையைத் தேடி வந்தது. தலைநகரில் பிள்ளையைத் தமிழ் இருக்குமிடத்திற்கு யாரேனும் அழைத்துச் செல்ல வேண்டும். அழைத்துச் செல்வதற்கு வண்டியும் ஓய்வுநாளும் தேவை. அவை வாய்த்த குடும்பத்துப் பிள்ளை மேடையேறிச் செந்தமிழில் சொற்பொழிவாற்றுகிறது. வாய்க்காத குடும்பத்துப் பிள்ளை அதே ஊரில் தமிழின்றி வளர்கிறது.

6. சிற்றூரின் இன்றைய நிலை

லயன்கள் மறைந்தபின் அவற்றின் பண்புகளுள் சிலவற்றை இன்றளவும் காத்து நிற்பவை சிறு பட்டணங்கள். அங்கு வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே பத்து நிமிடத் தொலைவு. பாட்டி அடுத்த தெருவில் இருக்கிறார். மளிகைக் கடைக்காரர் பிள்ளையின் பெயரறிந்து தமிழில் நலம் விசாரிக்கிறார். மாரியம்மன் கோயில் தீமிதிக்கு ஊரே கூடுகிறது. தோட்டத்தின் துண்டிப்பு இங்கு இல்லை. சாலையும் இணையமும் இடைநிலைப் பள்ளியும் இருக்கின்றன. மொழியைப் பேணுவதற்கு நிலத்தாலும் பொழுதாலும் மிக ஏற்ற இடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஆனால், இங்கு வாழ்வதற்கு ஆட்கள் குறைந்துவருகின்றனர். படித்தவர்க்கேற்ற வேலை இல்லை. ஆகவே, இளைஞர் வெளியேறுகின்றனர். அவர்களோடு பிறக்கவிருக்கும் பிள்ளைகளும் வெளியேறுகின்றனர். நாட்டிலுள்ள 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை 150 அல்லது அதற்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளிகள். மாணவர் தொகை மிகக் குறைந்துவிட்ட இடங்களில் இரண்டு வகுப்பு மாணவரை ஓரறையில் அமர்த்திப் பாடம் நடத்த நேர்கிறது. அத்தகைய பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொரு மாணவரின் வீட்டையும் அறிவார். அது அதன் பெருமை. ஆனால், ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதற்கும், நாடகத்தில் நடிப்பதற்கும், தேர்வில் போட்டியிடுவதற்கும் போதிய துணையின்றிப் பிள்ளைகள் வளர்கின்றனர். அது அதன் இழப்பு. மாணவரற்ற தோட்டப் பள்ளிகளை நகர்ப்புறங்களுக்கு இடம் மாற்றுவது பள்ளியின் எண்ணிக்கையைக் காக்கிறது. அப்பள்ளி இருந்த ஊரில் எஞ்சியிருக்கும் சில குடும்பங்களின் நிலைமையை அது காப்பதில்லை.

7. பதினைவர் என்னும் எண்

தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே கற்பிக்கப்படுகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி வகுப்புக்கு வழி செய்யப்பட வேண்டும். இவ்வெண்ணின் விளைவைச் சிற்றூரோடும் தலைநகரோடும் பொருத்திப் பார்த்தல் பயன் தரும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தலைநகரின் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து 60 மாணவர்கள் ஆறாம் ஆண்டை முடிக்கின்றனர். அவர்களின் குடும்பங்கள் வெவ்வேறு தாமான்களில் வாழ்கின்றன. ஆகவே, அம்மாணவர்கள் ஆறு இடைநிலைப் பள்ளிகளுக்குப் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து செல்கின்றனர். பிற தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அங்கு வந்து சேராவிடில், ஆறு பள்ளிகளில் எதிலும் 15 என்னும் எண் நிறைவதில்லை. சிறு பட்டணத்துப் பள்ளியிலோ 20 மாணவர்களே முடிக்கின்றனர். அவ்வூரில் இருப்பது ஒரே இடைநிலைப் பள்ளி, ஆகவே, இருபதின்மரும் அங்கேயே சேர்கின்றனர், வகுப்பு அமைகிறது. அறுபதின்மர் இழந்ததை இருபதின்மர் பெறுகின்றனர்.

ஆகவே, தமிழ் நிலைப்பதற்குத் தொகையைவிடச் செறிவு இன்றியமையாதது. இலட்சக்கணக்கில் தமிழர் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாணவர் தமிழின்றி இடைநிலைக் கல்வியை முடிக்க நேர்வதும், மிகச் சிலரே வாழும் ஊரில் ஒருவர் எஸ்பிஎம் தேர்வில் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் எழுதுவதும் இதனால்தான். ஒரே தமிழ்ப்பள்ளியிலிருந்து வெளியேறும் மாணவரின் பெற்றோர் முன்கூட்டியே கூடிப் பேசி, இயன்றவரை ஒரே இடைநிலைப் பள்ளியைத் தேர்ந்து, ஒன்றாகக் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால், தலைநகரிலும் அச்செறிவை உருவாக்க இயலும்.

8. மொழி கைமாறும் இடம்

மொழியியலறிஞர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட ‘ரிவர்சிங் லேங்குவேஜ் ஷிஃப்ட்’ என்னும் நூலில், நலிந்துவரும் மொழிகளின் நிலையை எட்டுப் படிகளாக வகுத்தார். அவற்றுள் ஆறாம் படியை அவர் நடுநாயகமாகக் கருதினார். வீடு, அக்கம்பக்கம், சமூகம் ஆகியவற்றில் மொழி ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு இயல்பாகச் சென்று சேரும் நிலை அது. இந்நிலை வலுவாக இல்லாவிடில், பள்ளியாலும் ஊடகத்தாலும் அரசு ஆதரவாலும் செய்யப்படும் முயற்சிகள் நிலைத்த பயன் தருவதில்லை என்பது அவர் முடிபு.

அம்முடிபைச் சோதித்துப் பார்க்க நம் அண்டை நாடே போதுமானது. சிங்கப்பூர் முழுவதும் நகரம். அதற்குச் சிற்றூர்ப்புறம் என ஒன்றில்லை. அங்குத் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. கடைசித் தமிழ்ப்பள்ளியாகிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டபோதும், தமிழ் எல்லா நிலைகளிலும் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. பாடநூல், பயிற்சிபெற்ற ஆசிரியர், விழா, ஊடகம் எதற்கும் குறைவில்லை. இருப்பினும், 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியவர்கள் குடியிருப்பாளருள் 2.5 விழுக்காட்டினரே. இந்தியருள் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவதாகத் தெரிவித்தனர். பள்ளி தன் கடமையைச் செவ்வனே செய்தாலும் வீட்டின் இடத்தை அது நிரப்ப இயலாது என்பதற்கு இது தக்க சான்று.

மலேசியத் தலைநகரும் அவ்வழியே செல்கிறது. சிங்கப்பூர் நமக்குக் காட்டுவது எச்சரிக்கையும் ஆறுதலுமாகிய இரண்டையும். வீட்டுவழக்கு மெலிந்தபின்பும் தமிழில் எழுதவும் படிக்கவும் வல்ல இளையரை அங்குள்ள பள்ளிகள் உருவாக்கி வருவது ஆறுதல்.

9. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இவ்வாய்விலிருந்து நடைமுறைக்குரிய சில கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, புதிய மாணவர் பள்ளியில் சேரும்போது வீட்டுமொழி எது என்று கேட்பதோடு ஆசிரியர் நின்றுவிடலாகாது. பிள்ளை பள்ளி முடிந்தபின் யாரோடு இருக்கிறது, எத்தனை மணி நேரம் இருக்கிறது, அவர்கள் எம்மொழி பேசுகின்றனர் என்றும் கேட்டறிய வேண்டும். ‘வீட்டுமொழி தமிழ்’ என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு நாளில் அரைமணி நேரமே தமிழ் கிட்டுகிறது என்பது அப்போது வெளிப்படும்.

இரண்டாவது, பள்ளி முடிந்து பெற்றோர் திரும்பும் வரையிலான பிற்பகலே தலைநகர்ப் பள்ளிகள் மீட்கத்தக்க பொழுது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும் இணைந்து தமிழ்ச்சூழல் கொண்ட பராமரிப்பு நிலையங்களை நடத்தினால், ஆயாக்கொட்டகையின் பணி புதிய வடிவில் தொடரும். அங்கு மீண்டும் ஒரு வகுப்பு நடத்த வேண்டியதில்லை. தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் உடனிருந்து, பிள்ளைகளோடு விளையாடி, கதை சொல்லி, உணவு பரிமாறினாலே போதும்.

மூன்றாவது, தலைநகர்ப் பள்ளியும் சிற்றூர்ப் பள்ளியும் இணைந்து இயங்கலாம். ஒன்றிடம் நூலகமும் போட்டிகளும் இருக்கின்றன. மற்றொன்றிடம் பேச்சுவழக்கும் பெரியோரும் இருக்கின்றனர். மாணவர் பரிமாற்றமும் இணையவழிக் கூட்டு வகுப்பும் இரு சாராரின் குறையையும் ஓரளவு நிறைவு செய்யும்.

நான்காவது, பெற்றோர்க்கு நாம் கூறத்தக்கது. மலாயிலும் ஆங்கிலத்திலும் பிள்ளை தேர்ச்சி பெறுவது இந்நாட்டில் வாழ்வதற்கு இன்றியமையாதது. அதற்காக வீட்டுத் தமிழைக் குறைக்க வேண்டியதில்லை. கிடைக்கும் அரைமணி நேரத்தைத் தமிழுக்கென ஒதுக்குதல், நீண்ட பள்ளி விடுமுறையில் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவைத்தல், அத்தைக்கும் மாமாவுக்கும் வாரந்தோறும் தொலைபேசியில் பிள்ளையையே பேசவைத்தல் ஆகியன செலவில்லாத வழிகள்.

மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் தாத்தா பாட்டியிடம் அமர்ந்து, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், செய்த வேலை, பயன்படுத்திய கருவி, உண்ட உணவு, விளையாடிய விளையாட்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். ‘மங்கு’, ‘பெரட்டு’, ‘ஒட்டுப்பால்’ போல எத்தனை சொற்கள் உங்கள் குடும்பத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எவை தமிழ், எவை மலாய், எவை ஆங்கிலம் என ஆராயுங்கள். அப்பட்டியல் உங்கள் குடும்பத்தின் வரலாறாகவும் இந்நாட்டின் வரலாறாகவும் ஒருங்கே அமையும். அச்சொற்களை அறிந்தவர்கள் முதுமை எய்திவிட்டார்கள் என்பதையும் மனத்திற்கொள்ளுங்கள்.

நிறைவுரை

சிற்றூரா, தலைநகரா என்னும் வினாவிற்கு எல்லாக் குடும்பத்திற்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. வேலையும் நோயும் முதியோர் நலமும் கல்வியும் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வொரு திசையில் செலுத்துகின்றன. மொழியைப் பொறுத்தவரை நாம் உறுதியாகக் கூறத்தக்கது இதுவே: தோட்டத்தில் யாரும் திட்டமிடாமலே தமிழுக்கு நிலமும் பொழுதும் கிடைத்தன. சிறு பட்டணத்தில் அவை இன்னும் ஓரளவு கிடைக்கின்றன. அங்கு நிலைத்து வாழ்வதற்குரிய வேலைவாய்ப்பே குறை. தலைநகரில் அவை தாமாகக் கிடைப்பதில்லை. குடும்பமும் பள்ளியும் சமூகமும் திட்டமிட்டு ஒதுக்கினால் மட்டுமே கிடைக்கும்.

நம் மாணவருள் பெரும்பாலோர் நகரத்தில்தான் வாழப் போகின்றனர். தமிழ் வாழ்வதற்காக அவர்களைத் தோட்டத்திற்குத் திருப்பி அனுப்ப இயலாது, அனுப்பவும் கூடாது. அவர்கள் வாழும் அடுக்குமாடியிலும் தாமானிலும் தமிழ் பேசுவதற்கு ஓர் இடத்தையும் ஒரு பொழுதையும் ஏற்படுத்தித் தருவதே இத்தலைமுறை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமையாகும்.